பரிமாற்றத்துக்கு ஒரு நட்சத்திர பிளாக்: 12½ அங்குலம் பிசகாமல் தைக்கும் முறை

குயில்ட் என்பது துணித்துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை. அதன் மேல்துணியில் சேரும் ஒவ்வொரு சதுரமும் ஒரு பிளாக். அமெரிக்கக் குயில்ட் குழுக்களில் நடக்கும் பிளாக் பரிமாற்றம் எளிய ஏற்பாடு. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பன்னிரண்டு பிளாக் தைத்து ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் எல்லாவற்றையும் கலந்து, ஒவ்வொருவருடைய கைவேலையிலும் ஒன்று வரும்படி பிரித்துத் திருப்பி அனுப்புவார். வந்த பன்னிரண்டையும் மூன்றுக்கு நான்காக இணைத்தால் 36 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் கொண்ட மேல்துணி கிடைக்கும்.

உங்கள் பிளாக்கின் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் தைத்த பிளாக் வந்து உட்காரப்போகிறது. அதனால் அழகைவிட அளவுதான் முக்கியம். நிறம் சுமாராக இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கால் அங்குலம் குறைந்துபோனால் அதை வாங்கியவர் முழுக் குயில்ட்டையும் இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 'சாடூத் ஸ்டார்' என்ற பழைய நட்சத்திர வடிவம். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி எட்டு முனைகள், நான்கு மூலைச் சதுரங்கள், அவ்வளவுதான். ரவிக்கையும் பாவாடையும் அருமையாகத் தைப்பவர்கள்கூட முதல் முறை இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தையல் தெரியாததால் வரும் தடுமாற்றம் இல்லை அது. படிகளின் வரிசை மாறிப்போவதால் வருவது.

1. விதித்தாளை முதலில் படியுங்கள்

ஒருங்கிணைப்பாளர் தரும் விதித்தாளைத் துணி வாங்கும் முன்பே படியுங்கள். பின்னணி வெள்ளையா, கிரீம் நிறமா, துணியைத் துவைத்துவிட்டுத் தைக்க வேண்டுமா கூடாதா, பெயர்ச்சீட்டு எங்கே, கடைசித் தேதி எது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். துவைத்த துணியும் துவைக்காத துணியும் ஒரே குயில்ட்டில் சேர்ந்தால், முதல் சலவையில் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. அதனால் இந்த ஒரு விதியில் சொந்த வழக்கத்தைப் புகுத்தாதீர்கள்.

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வது அளவைத்தான். '12 அங்குல பிளாக்' என்று எழுதியிருந்தால், குயில்ட்டில் சேர்ந்த பிறகு கண்ணுக்குத் தெரியும் அளவு அது. நீங்கள் அனுப்பும்போது நான்கு பக்கமும் கால் கால் அங்குலம் தையல் ஓரம் (தையலுக்கு வெளியே விடும் துணி) சேர்ந்து 12½ அங்குலம் இருக்க வேண்டும். 12 அங்குலத்தில் கச்சிதமாகத் தைத்து அனுப்பியவருக்கு மொத்தமும் திரும்பி வந்த கதை எல்லாக் குழுவிலும் உண்டு. விதித்தாளில் தெளிவில்லை என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: பிளாக் என்றால் மேல்துணி மட்டும்தான். பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைத்து அனுப்பிவிடாதீர்கள்.

2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

நூறு சதவீதப் பருத்தித் துணி. பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். இஸ்திரி போட்டாலும் மடிப்பு நிற்காது, சூடு கூடினால் சுருண்டுவிடும். மெல்லிய வாயில் துணியும் சரிப்படாது, பின்னால் இருக்கும் தையல் ஓரம் முன்னால் தெரியும்.

45 மில்லிமீட்டர் ரோட்டரி கட்டர் (வட்டக் கத்தியை உருட்டி வெட்டும் கருவி), வெட்டும்போது அடியில் விரிக்கும் மேட், அங்குலம் குறித்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேல் இரண்டு. நீளத்துக்கு 6½ × 24, கடைசியில் பிளாக்கைச் சரிபார்க்க 12½ அங்குலச் சதுரம். தையற்காரர் கழுத்தில் போட்டுக்கொள்ளும் டேப் இந்த வேலைக்கு உதவாது. நாளாக நாளாக நீண்டுபோகும், நுனியில் இருக்கும் தகடும் அளவைக் கெடுக்கும். இரண்டு ஸ்கேலும் ஒரே கம்பெனியுடையதாக இருக்கட்டும், இரண்டு கம்பெனி ஸ்கேல்களின் கோடுகள் மயிரிழை வித்தியாசப்படுவது உண்டு.

ரோட்டரி கட்டர் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். கெட்டியான பிளாஸ்டிக் தாளில் அளவு அச்சு வெட்டி, கூர்மையான பென்சிலால் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டலாம். மெதுவாகும், ஆனால் சரியாக வரும். அட்டையில் மட்டும் அச்சு வெட்டாதீர்கள். பத்து முறை வரைந்தால் ஓரம் தேய்ந்துவிடும்.

மிஷினுக்குப் புதிய ஊசி, 80/12 எண். மெல்லிய பருத்தி நூல், மேலும் கீழும் ஒரே நூல். சாம்பல் அல்லது வெளிர் பழுப்பு நிறம் எடுத்தால் எல்லாத் துணிக்கும் ஒத்துப்போகும், நிறத்துக்கு நிறம் பாபின் மாற்றும் வேலை மிச்சம். தையல் நீளம் 2 முதல் 2½ மில்லிமீட்டருக்குள். இந்த வேலையில் தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் பின்தையல் போடுவதில்லை. தைத்ததைக் குறுக்கே வெட்டப்போகிறோம், தையல் நெருக்கமாக இருந்தால்தான் பிரியாது.

பிறகு இஸ்திரிப் பெட்டி, குண்டூசி, தையல் பிரிக்கும் கருவி. கடைசியாகச் சொன்னதைக் கைக்கெட்டும் இடத்திலேயே வையுங்கள்.

அளவை சென்டிமீட்டருக்கு மாற்றாதீர்கள். கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர். அதை ஆறு என்றோ ஏழு என்றோ எடுத்துக்கொண்டால், பிளாக் முடிவதற்குள் அந்தச் சிறு பிசகு பெரிதாகிவிடும்.

3. துணியைத் தொடும் முன் கால் அங்குலச் சோதனை

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் கடைசியில் அதிகம் அவதிப்படுகிறார்கள். பொறுமையாகச் செய்யுங்கள்.

குயில்ட்டில் தையல் ஓரம் கால் அங்குலம். உடை தைத்துப் பழகிய கை இதைவிட அகலமாக விட்டுத்தான் பழகியிருக்கும். சாதாரண மிஷினில் துணியை அழுத்தும் ஃபுட்டின் ஓரத்தை நம்பித் தைத்தால், பெரும்பாலும் கால் அங்குலத்தைத் தாண்டியே போகும். மேலும், இஸ்திரி போட்டு மடிக்கும்போது நூலின் தடிமனும் துணியின் மடிப்பும் கொஞ்சம் இடத்தைத் தின்னும். அதை ஈடுகட்ட, கால் அங்குலத்தைவிட ஓர் இழை குறைவாகத் தைக்க வேண்டும். அந்த ஓர் இழை எவ்வளவு என்பது உங்கள் மிஷின், நூல், துணி மூன்றையும் பொறுத்தது. தைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

1½ அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் கொண்ட மூன்று பட்டைகள் வெட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் மூன்றையும் இணைத்து, ஓரங்களை ஒரே பக்கமாக மடித்து இஸ்திரி போடுங்கள். இப்போது நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் மொத்த அகலம் 3½ அங்குலமும் இருக்க வேண்டும். நடுப்பட்டை அதைவிடக் குறுகினால் நீங்கள் ஓரத்தை அதிகமாக எடுக்கிறீர்கள். அகலமாக இருந்தால் குறைவாக எடுக்கிறீர்கள்.

சரியான இடம் கிடைத்ததும் ஊசித் தட்டின் மேல் அந்த இடத்தில் மாஸ்கிங் டேப்பை நான்கைந்து அடுக்காக ஒட்டுங்கள். ஒரே அடுக்கு போதாது. துணியின் விளிம்பு சுவரில் உரசிப் போவதுபோல் அதில் உரசிப் போகும் அளவுக்குக் கனம் வேண்டும். அதன் பிறகு கண் ஊசியைப் பார்க்கத் தேவையில்லை, டேப்பின் ஓரத்தைப் பார்த்தால் போதும்.

ஒவ்வொரு தையலிலும் ஓரத்தைப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாக எடுத்தால், இரண்டு துண்டிலும் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு போய்விடும். இந்த பிளாக்கின் அகலத்தில் இரண்டு முக்கியத் தையல்கள் இருக்கின்றன. ஆக, கால் அங்குலம் காணாமல் போகும். கண்ணுக்குத் தெரியாத தப்பு அளவுகோலில் தெரிவது இப்படித்தான்.

4. நிறம் தேர்வு

மூன்று துணிகள் வேண்டும். பின்னணிக்கு ஒன்று, நட்சத்திர முனைகளுக்கு ஒன்று, நடுச்சதுரத்துக்கு ஒன்று.

எந்த நிறம் என்பதைவிட எது வெளிர், எது அடர் என்பதே நட்சத்திரத்தை எழுப்பிக் காட்டும். சிவப்பும் பச்சையும் நேரில் எதிரும் புதிருமாகத் தெரியும். இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால் நான்கடி தள்ளி நின்று பார்க்கும்போது ஒன்றுக்குள் ஒன்று கலங்கிவிடும். துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். முனைத் துணியும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்கள்.

வண்ணம் கொட்டிக் கிடக்கும் பெரிய பூ அச்சு ஆசையாக இருந்தால் நடுச்சதுரத்தில் வையுங்கள். ஆறு அங்குல இடம் அதற்குத்தான் இருக்கிறது. முனைகளுக்குச் சின்ன அச்சு அல்லது ஒற்றை நிறம் நல்லது. பெரிய பூவை முக்கோணமாக வெட்டினால், பூவின் வெள்ளைப் பகுதி முனையில் வந்து விழுந்து, அந்த முனையே உடைந்ததுபோல் தெரியும்.

பின்னணிக்குக் கோடு போட்ட துணியும், ஒரே திசையில் நிற்கும் மரம், பறவை அச்சும் வேண்டாம். பின்னணி முக்கோணங்கள் நான்கும் நான்கு திசையில் திரும்பும். கோடு ஓரிடத்தில் நின்றபடியும் இன்னோரிடத்தில் படுத்தபடியும் வரும்.

5. சாயம், கஞ்சி

அடர் சிவப்பு, நீலம், கருநீலம் மூன்றையும் சந்தேகப்படுங்கள். சாயம் போகும் கைத்தறித் துணி என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். வெள்ளைத் துணித்துண்டை வெந்நீரில் நனைத்து, அந்த நிறத்தின் மேல் வைத்து அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணியை, தண்ணீர் தெளிவாக வரும்வரை துவைக்க வேண்டும். துவைக்கக் கூடாது என்று விதி இருந்தால் துணியையே மாற்றிவிட வேண்டும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிலைத்துவிடும் என்று வீட்டில் சொல்வார்கள், கடைப் பருத்தித் துணிக்கு அதை நம்ப முடியாது. உங்கள் சிவப்பு இன்னொருவர் குயில்ட்டின் வெள்ளையில் இறங்கினால், பாவம், அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

வெட்டும் முன் எல்லாத் துணிக்கும் கஞ்சி ஸ்ப்ரே அடித்து இஸ்திரி போடுங்கள். காகிதம்போல் விறைத்து நிற்கும் துணி ஸ்கேலுக்கு அடியில் நழுவாது, குறுக்குவாட்டில் இழுபடாது. கஞ்சி முழுதாக உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் விட்டு, பிறகு சூடு வையுங்கள். அடித்த உடனே பெட்டியை வைத்தால் வெள்ளைச் செதில் பறக்கும்.

6. வெட்டுதல்

ஒரு பிளாக்குக்கு வேண்டியவை இவை.

பின்னணித் துணியில் 7½ அங்குலச் சதுரம் ஒன்று, 3½ அங்குலச் சதுரம் நான்கு. முனைத் துணியில் 4 அங்குலச் சதுரம் நான்கு. நடுத்துணியில் 6½ அங்குலச் சதுரம் ஒன்று.

கணக்கில் கெட்டிக்காரர்கள் 7½-க்குப் பதில் 7¼ அங்குலமும், 4-க்குப் பதில் 3⅞ அங்குலமும் போதுமே என்பார்கள். உண்மைதான், சரியான கணக்கு அதுவே. ஆனால் அந்த அளவில் வெட்டினால் தையல் இம்மியும் பிசகக் கூடாது. கொஞ்சம் பெரிதாக வெட்டித் தைத்து, பிறகு நறுக்கிச் சீராக்குவதுதான் புதியவர்களுக்குப் பாதுகாப்பு. பழகியவர்களில் பாதிப் பேரும் அப்படித்தான் செய்கிறார்கள், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு நிறத்தை மாற்றி வெட்டுவது. பெரிய சதுரம் பின்னணித் துணியில், சிறிய நான்கும் நட்சத்திர நிறத்தில். நட்சத்திரம் பெரிதாகத் தெரிகிறதே என்று பெரிய சதுரத்தை நட்சத்திர நிறத்தில் வெட்டினால் வடிவமே வேறாகிவிடும்.

துணியின் கரையை முதலில் வெட்டி எறியுங்கள். அது நெருக்கமாக நெய்யப்பட்டது, சலவையில் மற்ற துணியைவிட வேறு மாதிரி சுருங்கும். பிறகு பாவு அல்லது ஊடையின் நேர்கோட்டில் ஓரத்தைச் சீராக்கி, அதிலிருந்து பட்டையாகவும், பட்டையிலிருந்து சதுரமாகவும் வெட்டுங்கள். நான்கு மடிப்புக்கு மேல் ஒன்றாக வெட்டாதீர்கள், அடி மடிப்பு நழுவும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கட்டரின் கத்தியை உள்ளே தள்ளி மூடும் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு பிளாக்குக்கும் ஒரே பின்னணி என்றால், 42 அங்குல அகலத் துணியில் ஒன்றேகால் மீட்டர் வாங்கினால் போதும். 7½ அங்குலப் பட்டை மூன்றும், 3½ அங்குலப் பட்டை ஐந்தும் அதில் அடங்கி, ஓரம் சீராக்கவும் மீதம் இருக்கும்.

ஆனால் பன்னிரண்டுக்கும் இப்போதே வெட்ட வேண்டாம். ஒரு பிளாக்குக்கு மட்டும் வெட்டுங்கள். அதை முழுதாகத் தைத்து, அளந்து, 12½ வந்த பிறகு மீதிக்குக் கத்தியை எடுங்கள்.

7. முனைத் துண்டுகள்: நான்கும் ஒரே நேரத்தில்

பின்னணியில் ஒரு பெரிய முக்கோணம், அதன் இருபுறமும் நட்சத்திர நிறத்தில் இரண்டு சின்ன முக்கோணம் கொண்ட செவ்வகத்தை 'ஃபிளையிங் கீஸ்' என்பார்கள். இப்படி நான்கு வேண்டும். முக்கோணமாக வெட்டித் தனித்தனியே தைப்பது பழைய வழி. அதில் குறுக்கிழையில் வெட்டிய ஓரம், தையற்காரர் சொல்லும் கிராஸ், கையிலேயே இழுபட்டு நீண்டுவிடும். இங்கே சொல்லும் முறையில் தைத்த பிறகுதான் வெட்டுகிறோம். கிராஸ் ஓரம் வெளியே வருவதற்குள் தையல் அதைப் பிடித்துவிடும். பெரிய முக்கோணத்தின் அடி நேரிழையிலேயே நிற்கும்.

முதலில், நான்கு சிறிய சதுரங்களின் பின்பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு வரையுங்கள். பென்சிலை அழுத்தி இழுத்தால் துணி கூடவே வரும். ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாக வரையுங்கள்.

பெரிய சதுரத்தை நல்ல பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். இரண்டு சிறிய சதுரங்களை எதிரெதிர் மூலைகளில், நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி வையுங்கள். நடுவில் இரண்டும் அரை அங்குலம் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். அது தப்பில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டிலும் வரைந்த கோடுகள் சேர்ந்து ஒரே நேர்கோடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கோடு ஒடிந்து தெரிந்தால் ஒரு சதுரம் திரும்பியிருக்கிறது. குண்டூசி குத்திக்கொள்ளுங்கள், கோட்டின் மேல் மட்டும் குத்தாதீர்கள்.

கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளி ஒரு தையல், கோட்டின் மேல் தையல் கிடையாது. மூலையில் நேராக ஆரம்பித்தால் மிஷின் பல் துணியைக் கீழே இழுத்துக் கசக்கும். முதலில் ஒரு கழிவுத்துண்டைத் தைத்து, நூலை அறுக்காமல் தொடர்ந்து இதைச் செலுத்தினால் அந்தத் தொல்லை இல்லை.

கோட்டின் மேல் வெட்டுங்கள். இரண்டு துண்டு கிடைக்கும். சிறிய முக்கோணங்களை வெளிப்புறமாகத் திருப்பி இஸ்திரி போட்டால் ஒவ்வொன்றும் இதய வடிவில் இருக்கும். இதைக் கையில் எடுத்துப் பார்த்து 'எங்கேயோ தப்பாகிவிட்டது' என்று பிரிக்கத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். பிரிக்காதீர்கள், சரியாகத்தான் வந்திருக்கிறது.

மீதி இரண்டு சிறிய சதுரங்களை எடுங்கள். இதயத்தின் கூர்மையான அடி மூலையில், பெரிய துணியின் நேர்க்கோண மூலை அது, ஆளுக்கொன்றாக நல்ல பக்கம் கீழே பார்க்க வையுங்கள். வரைந்த கோடு அந்த மூலையிலிருந்து கிளம்பி, மேலே இரண்டு சின்ன முக்கோணங்களும் பிரியும் பள்ளத்தை நோக்கிப் போக வேண்டும். கோடு குறுக்கே போனால் சதுரத்தைக் கால்வட்டம் திருப்புங்கள். மறுபடியும் இருபுறமும் தையல், கோட்டில் வெட்டு, சிறிய முக்கோணம் வெளிப்புறமாக இஸ்திரி.

நான்கு செவ்வகங்கள் தயார். துணி எதுவும் வீணாகவில்லை, அதுதான் இந்த முறையில் எனக்குப் பிடித்தது.

இஸ்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டைக்குப் போடுவதுபோல் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள். முதலில் தையலை மூடிய நிலையிலேயே ஒரு முறை அழுத்துங்கள், நூல் துணிக்குள் பதியும். பிறகு திறந்து, பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். நீராவியும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். நனைந்த கிராஸ் சொன்ன பேச்சைக் கேட்காது.

8. நறுக்கிச் சீராக்குதல்

செவ்வகம் இப்போது ஏறக்குறைய 3⅝ × 6¾ அங்குலம் இருக்கும். வேண்டியது 3½ × 6½. எந்தப் பக்கத்தில் எவ்வளவு நறுக்குவது என்பதில்தான் முனையின் உயிர் இருக்கிறது.

பெரிய முக்கோணத்தின் உச்சி மேலே இருக்கும்படி வையுங்கள். ஸ்கேலில் மேல் ஓரத்திலிருந்து கால் அங்குலமும், வலது ஓரத்திலிருந்து 3¼ அங்குலமும் சந்திக்கும் புள்ளியை அந்த உச்சியின் மேல் பொருத்துங்கள். ஸ்கேலின் 45 டிகிரிக் கோடு தையலோடு ஒட்டிப் போகிறதா என்று பார்த்துவிட்டு, மேலேயும் வலப்பக்கமும் வெட்டுங்கள். துண்டை அரைவட்டம் திருப்பி, வெட்டிய ஓரங்களில் 3½, 6½ கோடுகளை வைத்து மீதி இரண்டு பக்கத்தையும் வெட்டுங்கள்.

உச்சிக்கு மேலே கால் அங்குலத் துணி மிச்சம் இருக்க வேண்டும். அதுதான் அடுத்த தையலுக்குப் போகும் ஓரம். உச்சி ஓரத்தையே தொட்டால் அழகாக இருப்பதுபோல் தோன்றும், தைத்ததும் முனை உள்ளே போய் மழுங்கிவிடும். அடிப்பக்கத்தில் இதற்கு நேர்மாறு. இரண்டு மூலையிலும் தையல் கோடு சரியாக மூலையிலேயே முடிய வேண்டும்.

9. அடுக்கிப் படம் எடுங்கள்

தைக்கும் முன் ஒன்பது துண்டுகளையும் மேசையில் அடுக்குங்கள். மேல்வரிசை: மூலைச் சதுரம், செவ்வகம், மூலைச் சதுரம். நடுவரிசை: செவ்வகம், நடுச்சதுரம், செவ்வகம். கீழ்வரிசை மேல்வரிசையைப் போலவே.

நான்கு பின்னணி முக்கோணங்களின் உச்சியும் நடுச்சதுரத்தைப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் வெளியே. ஒன்று திரும்பியிருந்தாலும் நட்சத்திரம் நொண்டும். அடுக்கியதைக் கைபேசியில் படம் எடுத்து மிஷின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இஸ்திரி மேசைக்கும் மிஷினுக்கும் நடந்து திரும்புவதற்குள் துண்டு திரும்பிவிடுவது சர்வ சாதாரணம்.

10. வரிசைகளை இணைத்தல்

ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே தையுங்கள். செவ்வகத்தை நடுச்சதுரத்தோடு இணைக்கும்போது செவ்வகம் மேலே இருக்கட்டும். அதன் பின்பக்கத்தில் உச்சி இருக்கும் இடத்தில் இரண்டு தையல்கள் பெருக்கல் குறிபோல் குறுக்கிடும். ஊசி அந்தக் குறுக்குச் சந்திப்பை வெட்டிப் போகக் கூடாது, ஓர் இழை வெளியே, ஓரத்தின் பக்கமாகப் போக வேண்டும். டேப் சொல்லும் கோடும் சந்திப்பும் ஒத்துவராவிட்டால் அந்த இடத்தில் மட்டும் சந்திப்பை நம்புங்கள்.

மேல், கீழ் வரிசைகளில் தையல் ஓரத்தை மூலைச் சதுரங்களின் பக்கம் மடித்து இஸ்திரி போடுங்கள். நடுவரிசையில் நடுச்சதுரத்தின் பக்கம். இதற்குக் காரணம் உண்டு. வரிசைகளைச் சேர்க்கும்போது ஒன்றின் ஓரம் ஒரு பக்கமும் மற்றதன் ஓரம் எதிர்ப்பக்கமும் இருந்தால், இரண்டு மேடும் ஒன்றோடொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே பூட்டியது தெரியும். அங்கே குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் சேரும். எல்லா ஓரத்தையும் ஒரே பக்கம் மடித்துவிட்டால் அந்த இடம் முண்டாகத் தடித்து, மூலைகள் விலகிப்போகும்.

கடைசி இரண்டு நீளத் தையல்களிலும் நடுவரிசையை மேலே வைத்துத் தையுங்கள். மேல், கீழ்ச் செவ்வகங்களின் உச்சி அப்போது அடியில் போய்விடும், சந்திப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால் சந்திப்பின் வழியாக நேராக ஒரு குண்டூசியை இறக்கி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இது தொல்லை என்றால் வெளிவரிசையை மேலே வைத்தும் தைக்கலாம். உச்சியைப் பார்த்துக்கொண்டு தைப்பதே எனக்கு வசதி, பூட்டை விரல் பார்த்துக்கொள்ளும்.

11. அளவு வரவில்லை என்றால்

12½ அங்குலச் சதுர ஸ்கேலை மேலே வையுங்கள். வெளி ஓரத்தில் இருக்கும் எட்டு முனைகளுக்கும் ஓரத்துக்கும் நடுவே கால் அங்குலம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

12⅜ வந்தால் உடனே பிரிக்க வேண்டாம். பிளாக்கைத் திருப்பிப் போட்டு இஸ்திரியைச் சோதியுங்கள். பல நேரம் தையல் ஓரம் முழுதாகத் திறக்காமல் உள்ளே சிறு மடிப்பாகக் கிடக்கும். நல்ல பக்கத்திலிருந்து அழுத்திவிட்டால் காணாமல் போன அளவு திரும்பி வரும். அப்படியும் குறைந்தால் எந்தத் திசையில் குறைகிறது என்று அளந்து, அந்தத் திசையின் இரண்டு நீளத் தையலை மட்டும் பிரித்து ஓர் இழை வெளியே தள்ளித் தையுங்கள். நீராவி அடித்து இழுத்து அளவுக்குக் கொண்டுவருவது வேண்டாம். தபாலில் போகும்போதே அது பழைய அளவுக்குச் சுருங்கிக்கொள்ளும்.

12⅝ வந்தால் வெட்டிவிடக் கை பரபரக்கும். முனைகளுக்கு வெளியே கால் அங்குலம் போக மிச்சம் இருந்தால் மட்டும் வெட்டலாம். இல்லையென்றால், வாங்கியவர் இணைக்கும்போது எட்டு முனையும் கூர் போகும். அதற்கும் தையலைப் பிரித்து ஓரத்தைச் சற்று கூட்டுவதுதான் வழி.

முதல் பிளாக் சரியாக வந்ததும் மீதியை வெட்டி, ஒரே படியை எல்லா பிளாக்குக்கும் சேர்த்துச் செய்யுங்கள். நூலை அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டுகளைச் செலுத்தினால் நூலும் மிச்சம், கையும் ஒரே தாளத்தில் பழகும். ஒவ்வொரு வகைத் துண்டு முடிந்ததும் ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள். பாபின் மாற்றும்போது டேப் நகர்ந்திருக்கலாம்.

12. அனுப்புதல்

பின்பக்கத்தில் தொங்கும் நூலையெல்லாம் நறுக்குங்கள். வெளிர்ப் பின்னணிக்கு அடியில் கறுப்பு நூல் கிடந்தால் கோடாகத் தெரியும். செல்லப் பிராணி இருக்கும் வீடு என்றால் ஒட்டும் உருளையால் ஒரு முறை உருட்டி எடுங்கள், சிலருக்கு பூனை முடி ஒவ்வாது.

பெயரும் ஊரும் எழுதிய சீட்டை விதித்தாள் சொன்ன இடத்தில் வையுங்கள். உலோகக் குண்டூசியால் குத்தாதீர்கள், துருப் பிடிக்கும், பிரிப்பவர் விரலையும் குத்தும். பிளாக்குகளை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடினால் மழைக்குப் பயமில்லை.

அமெரிக்க அஞ்சலில் பெரிய உறைக்கான கட்டணத்தில் போக வேண்டுமானால் உறை 12 × 15 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, கனம் முக்கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், வளையவும் வேண்டும். 12½ அங்குல பிளாக்கை ஒரு முறையாவது மடித்தால்தான் அதற்குள் அடங்கும். நடுவில் மெதுவாக மடியுங்கள், மடிப்பை அழுத்தித் தேய்க்காதீர்கள். கசங்காமல் இருக்கட்டும் என்று உள்ளே கெட்டி அட்டை வைத்தால் உறை விறைத்து, பார்சல் கட்டணம் கேட்பார்கள். ஒன்றிரண்டு பிளாக் என்றால்தான் உறை. பன்னிரண்டையும் சேர்த்து அனுப்பும்போது பார்சலாகவே அனுப்பிவிடுங்கள், திரும்பி வருவதற்கான தபால் செலவையும் விதித்தாள் சொன்னபடி உள்ளேயே வையுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஒருவருடைய கட்டு வராவிட்டால் மற்ற பதினொரு பேருடையதும் மேசையிலேயே காத்துக் கிடக்கும்.